மீட்டரில் ஏறிய முள்

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில், எங்களுக்கு எதிர்வீட்டில், பார்வையில்லாத கணவனும் மனைவியும் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கார் உண்டு. இதைச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு கணம் விழிப்பார்கள். குடிவந்த புதிதில் நானும் அப்படித்தான் விழித்தேன்.

மகள் பிறந்த பிறகு வாங்கிய கார் அது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மழையில் டாக்சிக்கு நின்று நின்று ஆன்டிக்கு வெறுத்துப்போய்விட்டதாம். "ஓட்டறதுக்கு ஆள் கெடைப்பாங்க. கார் இருந்தாத்தான ஓட்ட முடியும்?" என்று அங்கிள் புதுக்காராகவே வாங்கிவிட்டார். அவர் பக்கத்துத் தெருவில் மசாஜ் நிலையம் வைத்திருக்கிறார். ஆன்டி ஓர் அரசாங்க அலுவலகத்தில் தொலைபேசிப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகளுக்குக் கண் நன்றாகத் தெரியும். படித்து முடித்து பினாங்கில் வேலைக்குப் போய்விட்டாள்.

நான் அந்தக் காரை ஏழு வருடம் ஓட்டினேன். என் கணவர் எங்களை விட்டுப் போன வருடம், மேருவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஸ்டோர் கிளார்க் வேலை கிடைத்தது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயில் உண்டு. கிள்ளானிலிருந்து மேருவுக்கு பஸ் பிடிக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பினால்தான் முடியும். என் மகளோ அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்தாள். என் நிலைமை ஆன்டிக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து அங்கிளே பேச்சை எடுத்தார்.

"வாரத்துல அஞ்சு நாள் கார நீ எடுத்துக்கம்மா. ஞாயித்துக்கிழமை எங்கள பண்டமாரானுக்குக் கூட்டிட்டுப் போ. பெட்ரோல், டோல், சின்னச் சின்ன வேலையெல்லாம் நீ பாத்துக்க. பெருசா எதுவும் வந்தா அது என்னோடது."

பண்டமாரானில் ஆன்டியின் தம்பி வீடு இருந்தது. துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார் அவர். ஞாயிறுதோறும் அக்காளும் தம்பியும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பயணம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, கூட்டரசு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது அங்கிள் கேட்டார்: "இப்ப எங்கம்மா இருக்கோம்?"

இடத்தின் பெயரைச் சொன்னேன். என்ன தெரிகிறது என்று கேட்டார். சாலையோரத்தில் மஞ்சள் பூ கொட்டிக் கிடப்பதைச் சொன்னேன். அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. புதிதாக எழும்பும் கட்டடம் எத்தனை மாடி வரை வந்திருக்கிறது, ஆற்றில் தண்ணீர் என்ன நிறத்தில் ஓடுகிறது, கிள்ளான் பக்கம் மேகம் எப்படி இறங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவேன். மறுவாரம் போகும்போது, "அந்தப் பதினாலாவது மாடி முடிஞ்சிருச்சா?" என்று கேட்பார். மசாஜுக்கு வருகிறவர்களிடம் அவர் இதையெல்லாம் தான் பார்த்ததுபோலச் சொல்வார் என்று ஆன்டி சிரிப்பார்.

ஏழாவது வருடம் பள்ளி திறந்த சில வாரங்களில், வேலை முடிந்து வரும்போது சுபாங் அருகே நெரிசலில் மாட்டிக்கொண்டேன். மீட்டரில் சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டி மேலே ஏறியது. வண்டிகள் நகர ஆரம்பித்ததும் இறங்கிவிட்டது. மறுநாள் தொழிற்சாலையில் லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் காரின் முன்மூடியைத் திறந்து பார்த்தார்.

"ரேடியேட்டர் ஹோஸ் வெடிப்பு விட்டிருக்கு. தண்ணி ஒழுகுது. சின்ன வேலதான், ஆனா நாள் கடத்தாதீங்க" என்றார்.

சின்ன வேலைதான். என் பங்கு வேலை. ஆனால் அந்த மாதம் ஸ்டோரில் கணக்கெடுப்பு நடந்தது. மகளுக்கு டியூஷன் நேரம் மாறியிருந்தது. வொர்க்‌ஷாப்பில் ஒரு நாளோ இரண்டு நாளோ காரை விட வேண்டும். அந்த இரண்டு நாளுக்கு ஐந்து மணி ரயிலை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளினேன். அதுவரைக்கும் என்று தினமும் காலையில் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். கார் ஓடியது. ஓடியதால் அடுத்த வாரமும் தள்ளினேன். பின்பெட்டியில் மூன்று போத்தல் தண்ணீர் எப்போதும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இருவரும் இறங்கி வருவதற்கு முன்பே நான் கீழே போய் ஊற்றி முடித்துவிடுவேன். அவசரப்பட்டுப் போய் ஊற்றியதிலிருந்தே, நான் செய்வது சரியில்லை என்று எனக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு ஞாயிறு, கார் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அங்கிள் முகத்தைத் தூக்கினார். "ஏதோ இனிப்பா ஒரு வாட வருதே. நம்ம கார்லயாம்மா?"

எஞ்சினில் மிச்சமிருந்த கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவம் சூட்டில் காயும் வாடை அது. எனக்குத் தெரியும்.

"இல்ல அங்கிள். வெளிய ஏதோ பலகாரக் கடை" என்றேன்.

நெடுஞ்சாலையில் பலகாரக் கடை ஏது? அவர் அதைக் கேட்கவில்லை. சரி என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

மூன்று மாதம் இப்படி ஓடியது. பிறகு ஒரு ஞாயிறு மாலை, பண்டமாரானிலிருந்து திரும்பும் வழியில் சா ஆலாமுக்கு முன்பே முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அடுத்த பெட்ரோல் நிலையம் வரை போய்விடலாம், அங்கே கழிவறைக்குப் போவதுபோல நிறுத்தித் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று மனம் கணக்குப் போட்டது. பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் முன்மூடிக்கு அடியில் ஏதோ வெடித்த சத்தம். வெள்ளைப் புகை கண்ணாடியை மறைத்தது. எப்படியோ ஓரங்கட்டினேன்.

"என்னம்மா சத்தம்? தீயா?" என்று ஆன்டி கத்தினார்.

"தீ இல்ல ஆன்டி, ஆவிதான். ரெண்டு பேரும் எறங்குங்க."

இருவரையும் கைபிடித்து இறக்கிச் சாலையோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். லோரிகள் கடக்கும்போதெல்லாம் காற்று எங்களைத் தள்ளியது. லோரி எவ்வளவு தூரத்தில் வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியாமல், ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆன்டி உடம்பைக் குறுக்கினார். என் மணிக்கட்டை அவர் விடவே இல்லை. இழுவை லோரி வர முக்கால் மணி நேரம் ஆனது. அங்கிள்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். "பதறாதம்மா. பழைய கார். இதெல்லாம் சகஜம்லா."

காரை மேருவில் எனக்குத் தெரிந்த வொர்க்‌ஷாப்பில் விட்டோம். நான்கு நாள் கழித்து மெக்கானிக் அழைத்தார். செலவு பெரியது, நேரில் வந்தால் நல்லது என்றார். விஷயத்தைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று அங்கிள் உடன் வந்தார். சனிக்கிழமை காலை ரயிலில் கிள்ளான் போய், அங்கிருந்து கைபேசியில் கார் கூப்பிட்டுப் போனோம்.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். தனியாளாக வேலை பார்ப்பவர். அங்கிளை நாற்காலியில் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார்.

"எஞ்சினோட மேல்பாகம் சூட்டுல வளைஞ்சிருச்சு அங்கிள். எஞ்சின எறக்கி முழுசாச் செய்யணும். ஆறாயிரம் வெள்ளிக்கு மேல ஆவும். இந்தக் காரை இப்ப வித்தா அஞ்சாயிரம்கூட வராது."

"அப்ப செய்யறது வீண்னு சொல்றீங்களா?"

"அப்படி ஒரே பேச்சா சொல்ல முடியாது. எஞ்சின் வயசாகித் தேய்ஞ்சு போனதால இப்படி ஆயிருந்தா நான் கை வைக்க மாட்டேன். இன்னிக்கு இதச் செஞ்சா நாளைக்கு இன்னொன்னு போவும். ஆனா ஹோஸ் ஒழுகி, தண்ணி இல்லாம ஓடினதால ஆயிருந்தா, மத்ததெல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம். அப்போ துணிஞ்சு செய்யலாம். இன்னும் அஞ்சாறு வருஷம் ஓடும்."

"ரெண்டுல எதுன்னு எப்படிப்பா கண்டுபிடிக்கறது?"

"ஹோஸ் வெடிச்சிருக்கு. ஆனா எஞ்சின் கெட்டுப் போனதாலயும் ஹோஸ் வெடிக்கும். இப்பப் பாத்துச் சொல்ல முடியல. ஓட்டினவங்கதான் சொல்லணும்." என் பக்கம் திரும்பினார். "முன்னாடியே முள்ளு ஏறிட்டிருந்துச்சா அக்கா?"

"நான் கவனிக்கல" என்றேன்.

அங்கிள் உடனே எனக்காகப் பேசினார். "அவங்க ரொம்பக் கவனமா ஓட்டறவங்கப்பா. ஏழு வருஷத்துல ஒரு கீறல் கெடையாது. ஏறியிருந்தா சொல்லியிருப்பாங்க. இது வயசுதான்."

"இருக்கலாம் அங்கிள்" என்றார் மெக்கானிக்.

காரிலிருந்த பொருள்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி என்னை மட்டும் உள்ளே கூட்டிப் போனார். பின்பெட்டியைத் திறந்தார். மூன்று போத்தலும் வரிசையாக நின்றன. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ரேடியேட்டர்ல வெறும் குழாய்த் தண்ணிதான் இருக்கு அக்கா. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். ஆனா அவரு தப்பா முடிவு பண்ணப் போறாரு. நல்ல கார எடைக்குப் போட்டுருவாரு. யோசிங்க. ஒரு வாரம் வச்சிருக்கேன்."

நான் போத்தல்களை எடுத்து அங்கிருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன். திரும்பி வரும் ரயிலில் அங்கிள் அதிகம் பேசவில்லை. காரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது, இருபது வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டது என்று மட்டும் சொன்னார். எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க முடியாது. அவர் காரை விற்றுவிட்டால் இந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும். வேலைக்குப் போகக் கார் இருக்காது, அவ்வளவுதான். அந்த வாரம் முழுவதும் ரயிலிலும் பஸ்ஸிலும் மேருவுக்குப் போய்வந்தேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதெல்லாம், "ஏறியிருந்தா சொல்லியிருப்பாங்க" என்ற அவர் குரல்தான் காதில் விழுந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஆன்டி கூப்பிட்டார். மேசையில் தேநீர் வைத்திருந்தார். பினாங்கிலிருக்கும் மகளும் விற்றுவிடத்தான் சொல்கிறாளாம். விற்பது என்று முடிவானால் திங்கட்கிழமை மெக்கானிக்குக்குச் சொல்ல வேண்டும்.

"எனக்கு மட்டும் மனசு வரல" என்றார் ஆன்டி. "நீ என்னம்மா நெனக்கிற? கண்ணால பாத்து ஓட்டினவ நீதான். நீ சொல்லு."

"காருக்கு வயசாகல ஆன்டி" என்றேன்.

இருவரும் என் குரல் வந்த பக்கம் திரும்பினார்கள்.

"மூணு மாசமா ஹோஸ் ஒழுகிட்டிருந்துச்சு. எனக்குத் தெரியும். தெனம் காலைல தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டினேன். செய்யணும் செய்யணும்னு நெனச்சுத் தள்ளிட்டேன். தப்பு என்னோடது."

அங்கிள் கையிலிருந்த கோப்பையை, மேசை விளிம்பைத் தடவிப் பார்த்து, மெதுவாக வைத்தார்.

"அந்த இனிப்பு வாட?"

"நம்ம கார்ல இருந்துதான் வந்துச்சு அங்கிள்."

"நான் கேட்டேன்."

"ஆமா."

"கேட்டேனேம்மா. நம்ம கார்லயான்னுதான கேட்டேன்."

ஆன்டிதான் அடுத்துக் கேட்டார். "அன்னிக்கு முள்ளு எப்ப ஏறுச்சு?"

"சா ஆலாமுக்கு முன்னாடியே சிவப்புக்கு வந்துருச்சு."

"தெரிஞ்சும் ஓட்டினியா? நாங்க ரெண்டு பேரும் பின்னாடிதான உக்காந்திருந்தோம்?"

"ஆமா ஆன்டி."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, எதையும் கழுவாமல் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அங்கிள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏழு வருஷமா நீ எனக்கு ரோட்டச் சொல்லிட்டு வர. கட்டடம், மேகம், ஆத்துத் தண்ணி... அதுல எது நெசம்?"

"எல்லாமே நெசம் அங்கிள். சத்தியமா."

"அத நான் யார்கிட்டம்மா போய்க் கேக்கறது?"

ரிப்பேர் செலவு முழுவதையும் நான் தருகிறேன் என்றேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "காசப் பத்திப் பேசாத. இப்ப நீ வீட்டுக்குப் போ."

இரண்டு நாள் கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை நான் வேலை முடிந்து வந்து, சாவியைப் பையில் தேடிக்கொண்டிருந்தபோது எதிர்க்கதவு திறந்தது. அங்கிள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கார செய்யச் சொல்லிட்டேன். நீ சொன்னத மெக்கானிக்கிட்ட சொன்னேன். அப்படின்னா செய்யலாம், நஷ்டமில்லன்னாரு."

"நல்லது அங்கிள்."

"இனிமே பண்டமாரான் தம்பி ஓட்டுவாரு. லோரி வேலைய விடப் போறாரு. கார் அவர்கிட்டயே இருக்கும்."

"சரி அங்கிள்."

"ஹோஸ் வெல மட்டும் நீ குடு. சின்ன வேல உன்னோடதுன்னுதான பேச்சு."

எண்பது வெள்ளி. உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தேன். விரல்களால் நோட்டுகளைத் தடவி எண்ணிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். என் நாள் ஐந்து மணி ரயிலில் ஆரம்பிக்கத் தொடங்கியது. மகள் தானே எழுந்து, தானே சமைத்ததைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்குப் போகப் பழகிக்கொண்டாள். முதல் சில வாரம் எனக்குக் கோபம்கூட வந்தது. ஏழு வருடம் ஒழுங்காக ஓட்டினேனே, ஒரு தவறுக்கு இவ்வளவா என்று மனம் புழுங்கியது. ஒருநாள் அதை மகளிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீங்க ஒரு தடவையா தண்ணி ஊத்தினீங்க?" என்றாள். அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மெக்கானிக் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எஞ்சின் சரிசெய்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. அந்த எஞ்சின் ஒருநாள்கூடத் தொல்லை கொடுக்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்டியின் தம்பிதான் பண்டமாரானிலிருந்து வந்து இவர்களை அழைத்துப் போகிறார். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கும் அந்தக் காரில்தான் போனார்கள். அவர் அதிகம் பேசாத மனிதர். வழியில் எதுவும் சொல்ல மாட்டார் என்று ஆன்டி ஒருமுறை மின்தூக்கியில் சொன்னார். "ரேடியோ கேட்டுக்கிட்டே போறோம்மா" என்றார்.

ஆன்டி ஒரு மாதத்திலேயே என்னோடு பழையபடி பேச ஆரம்பித்துவிட்டார். கறி செய்தால் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவார். அங்கிள் அப்படியில்லை. என் காலடிச் சத்தம் அவருக்குத் தெரியும். நான் படியில் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று, "போம்மா" என்பார். அவ்வளவுதான். நான்கு மாதம் அப்படியே போனது.

ஒரு சனிக்கிழமை காலை, கையில் ஓர் உறையோடு அங்கிளே என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"கட்டட நிர்வாகத்துல இருந்து ஏதோ கடிதாசு. மலாய்ல இருக்கும் போல. படிச்சுச் சொல்றியா?"

உள்ளே வரச் சொன்னேன். வந்து உட்கார்ந்தார். மின்தூக்கி பழுதுபார்ப்பு பற்றிய கடிதம். முதல் வரியிலிருந்து கடைசிவரை, ஒரு வார்த்தை விடாமல் படித்துத் தமிழில் சொன்னேன். கீழே கையெழுத்து இருக்கிறது, அதன்மேல் பாதி அழிந்த ஊதா முத்திரை இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி மேசையில் விரித்தார். சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து அதன்மேல் பிடித்தார். எழுத்தைப் படித்துச் சொல்லும் வசதி அதில் இருக்கிறது. ஒரு பெண் குரல் மலாயில் அதே கடிதத்தை முதலிலிருந்து வாசித்தது. முத்திரை இருந்த இடத்தில் மட்டும் தடுமாறி ஏதோ உளறியது.

முடிந்ததும் கைபேசியைப் பையில் வைத்துக்கொண்டார். "சரிம்மா" என்று எழுந்தார்.

இப்போதும் மாதம் ஒன்றிரண்டு முறை கடிதத்தோடு வருகிறார். நான் படித்து முடித்ததும் கைபேசியை எடுப்பார். அந்தக் குரல் வாசித்து முடிக்கும்வரை நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். அவருக்குத் தேநீர் போட்டு வைப்பேன். சில நாள் குடித்துவிட்டுப் போவார்.